அந்த மரப்பெட்டி ஏன் எல்லா கேமிலும் இருக்கிறது?

நான்கைந்து வீடியோ கேம்களை அடுத்தடுத்து முடித்த ஒருவரின் கேள்வி இது: "கதாநாயகனுக்கு ஏன் எப்போது பார்த்தாலும் நினைவு போய்விடுகிறது? உடைப்பதற்கென்றே மரப்பெட்டிகளும் வெடிப்பதற்கென்றே சிவப்புப் பீப்பாய்களும் வழிநெடுக ஏன் கிடக்கின்றன? நாளை உலகம் அழியப்போகிறது என்கிறார்கள். நான் பத்து நாள் மீன் பிடித்துவிட்டு வந்தாலும் அது அழியாமல் காத்திருக்கிறது. இவர்களுக்குக் கற்பனையே கிடையாதா, இல்லை இதற்கெல்லாம் காரணம் இருக்கிறதா?"

கற்பனைப் பஞ்சமும் உண்டு; அதை நான் மறுக்கப்போவதில்லை. ஒன்று நன்றாக விற்றால் அடுத்த பத்து வருடம் அதே மாவை அரைப்பது இந்தத் தொழிலிலும் நடக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னவற்றின் பிறப்பைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் கதாசிரியர் இருக்கமாட்டார். இயந்திரத்தின் வேகம் போதாமல் விழித்த ஒரு புரோகிராமரோ, ஆடுபவருக்கு வழி தெரியவில்லையே என்று தலையைச் சொறிந்த ஒரு வடிவமைப்பாளரோதான் இருப்பார். அவர் அவசரத்துக்குப் போட்ட ஒட்டு, பிறகு மரபாகிவிட்டது. (சில கேம்களின் முடிவுகளை உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. போர்ட்டல், பயோஷாக், பிரெய்ட், பிரதர்ஸ் ஆகியவற்றை இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் அந்தப் பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.)

மிகப் பழைய உதாரணம் 1978இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 55 வேற்றுக்கிரகவாசிகள் வரிசை கட்டி இறங்குவார்கள். சுடச்சுட எண்ணிக்கை குறையும். குறையக்குறைய மிச்சமிருப்பவர்களின் வேகம் கூடும். கடைசி ஒருவன் திரையில் பேயாக ஓடுவான். அதை உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ திட்டமிட்டுச் செய்ததல்ல இது. அத்தனை உருவங்களையும் நகர்த்த அந்த இயந்திரத்தின் செயலி திணறியது; உருவங்கள் குறைந்தபோது அதற்கு மூச்சு வந்தது, அவ்வளவுதான். அவர் அதைத் திருத்தாமல் விட்டார். போகப்போகக் கடினமாகும் ஆட்டம் என்று இன்று நாம் இயல்பாக எதிர்பார்ப்பதற்கு முன்னோடி அந்தத் திணறல். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உருவானபோதும் இப்படித்தான்: ஒரு குத்தின் அசைவு முடிவதற்குள் அடுத்த குத்தைத் தொடுக்க முடிகிறது என்பது சோதனையில் தெரிந்த ஒரு வழு. இதை எவரும் செய்யவா போகிறார்கள் என்று விட்டுவைத்தார்கள். அதன் பெயர் இன்று காம்போ. அது இல்லாத சண்டை கேமை இப்போது நினைத்துப் பார்ப்பதே கடினம்.

கதைக்கு வருவோம். சைலன்ட் ஹில் (1999) ஊரெங்கும் படர்ந்திருக்கும் மூடுபனியைப் பற்றி உளவியல் விளக்கங்கள் ஏராளம். அவை தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் காரணம், அன்றைய பிளேஸ்டேஷனால் தூரத்துக் கட்டடங்களை வரைந்து காட்ட முடியாது. தெரியாததை மறைக்கப் பனியைப் பரப்பினார்கள். எதிரே என்ன வருகிறது என்று தெரியாத அச்சம் இலவசமாகக் கிடைத்தது. ரெசிடென்ட் ஈவில் (1996) கேமில் ஒவ்வொரு கதவும் கருப்புப் பின்னணியில் முனகிக்கொண்டு மெல்லத் திறக்கும். அடுத்த அறையைக் குறுந்தகட்டிலிருந்து ஏற்றுவதற்கான நேரம் அது. ஆடியவர்களுக்கோ அந்தச் சில விநாடிகள்தான் அடிவயிற்றைக் கலக்கின. இன்றைய கேம்களில் கதாபாத்திரம் பாறை இடுக்கில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து போகும் காட்சி வந்தால், பழைய கதவின் பேரப்பிள்ளை அது என்று கொள்ளுங்கள்.

நினைவிழந்த நாயகனும் இப்படிப்பட்ட ஒட்டுதான். ஒரு நாவலில் நாயகன் தன் ஊரில் பிறந்து வளர்ந்தவனாக இருக்கலாம். வாசகர் பின்னாலேயே நடந்து தெரிந்துகொள்வார். கேமில் நாயகனை நடத்துவதே நாம். அவனுக்குத் தன் வீடு எங்கே என்று தெரியும், நமக்குத் தெரியாது. அவனுக்கு வாள் வீசத் தெரியும், நமக்கு எந்தப் பொத்தான் என்றே தெரியாது. இந்த இடைவெளியை அடைக்க மலிவான வழி, அவனையும் நம்மளவுக்கு அறியாதவனாக்கிவிடுவது. அவன் கேட்கும் அசட்டுக் கேள்விகளெல்லாம் அப்போது நியாயமாகிவிடும்.

மலிவான வழி என்பதால் மோசமான வழி என்று ஆகாது. பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் (1999) கேமில் நாயகன் பிணவறை மேடையில் கண்விழிக்கிறான். பெயர்கூட இல்லை. பக்கத்தில் மிதக்கும் ஒரு மண்டையோடு, அவன் முதுகில் பச்சை குத்தியிருக்கும் குறிப்புகளை அவனுக்குப் படித்துக் காட்டுகிறது. அவன் செத்துச் செத்துப் பிழைப்பவன். பிழைக்கும்போது பழைய நினைவு அழிந்துவிடும். முந்தைய பிறவிகளில் அவன் யார் யாருக்கு என்னென்ன தீங்கு செய்தான் என்று தேடிப் போவதே கதை. ஒட்டே துணியாகிவிட்டது. தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட் (2017) இன்னொரு சிக்கலையும் இதே மறதியால் தீர்த்தது. திறந்த உலகில் ஆடுபவர் எந்தத் திசையில் முதலில் போவார் என்று தெரியாது. பிறகு கதையை எப்படி வரிசையாகச் சொல்வது? நூறு வருட உறக்கத்திலிருந்து எழுந்த நாயகன் லிங்க், பழைய படங்களில் உள்ள இடங்களைக் கண்டுபிடிக்கும்போது ஒவ்வொரு நினைவாகத் திரும்புகிறது. நினைவு என்பது எந்த வரிசையில் வந்தாலும் நினைவுதானே.

இனி அந்த மரப்பெட்டி. முப்பரிமாண கேம்களின் ஆரம்ப காலத்தில் ஒரு பொருளை வரைய எத்தனை முக்கோணங்கள் செலவாகின்றன என்பதே பெரிய கணக்கு. மனித முகத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. பெட்டிக்கு ஆறு முகம், பன்னிரண்டு முக்கோணம், எல்லாப் பக்கமும் ஒரே படம், வேலை தீர்ந்தது. மறைந்து சுடலாம், ஏறி நிற்கலாம், உடைத்தால் உள்ளே மருந்து வைக்கலாம். அதனால் கிடங்குகள் முளைத்தன, துறைமுகங்கள் முளைத்தன, விண்வெளிக் கப்பலிலும் பெட்டிகள் அடுக்கப்பட்டன. 2000இல் ஓல்ட் மேன் மரே என்ற நையாண்டித் தளம் ஒரு கேமைத் தொடங்கியதிலிருந்து முதல் பெட்டி கண்ணில் படும்வரை எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து கேம்களுக்குத் தரவரிசையே போட்டது. அந்த விநாடியில்தான் உருவாக்கியவர்களின் யோசனை தீர்ந்துபோனது என்பது அவர்கள் வாதம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தளத்தை நடத்தியவர்களில் ஒருவரான எரிக் வோல்பா பின்னர் வால்வ் நிறுவனத்தில் சேர்ந்து போர்ட்டல் (2007) கேமின் எழுத்தாளர்களில் ஒருவரானார். கேம் வரலாற்றிலேயே அதிகம் நேசிக்கப்பட்ட பெட்டி அந்தக் கேமில்தான் இருக்கிறது. பதினேழாவது சோதனை அறையில் ஒரு கனசதுரத்தை ஆரம்பம் முதல் இறுதிவரை தூக்கிக்கொண்டே போக வேண்டும். சோதனைக்கு ஆட வந்தவர்கள் அதை வழியில் விட்டுவிட்டு மறந்துபோய்க்கொண்டிருந்தார்கள். என்ன செய்வது? பெட்டியின் பக்கங்களில் ஓர் இதயம் வரைந்தார்கள். அறையை ஆளும் செயற்கை அறிவான கிளாடோஸ், இது உங்கள் உற்ற துணை என்ற தோரணையில் பேசத் தொடங்கியது. உடனே ஒருவரும் விட்டுப்போகவில்லை. அறையின் முடிவில் அதே துணையை எரிஉலையில் போடச் சொல்கிறது கிளாடோஸ்; போட்டால்தான் கதவு திறக்கும். ஒரு கனசதுரத்தை நெருப்பில் போட இத்தனை பேர் தயங்கினார்கள் என்றால் அது இதயப் படத்தின் வேலை மட்டுமல்ல. அவ்வளவு தூரம் நம் கையால் சுமந்து வந்ததன் வேலை. அதோடு நிற்கவில்லை. எரிஉலையை எப்படித் திறப்பது என்று அங்கே நமக்குக் கற்றுக்கொடுத்தாயிற்று. இறுதியில் கிளாடோஸின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அதே போன்ற உலையில்தான் போடுகிறோம். பாடம், பாசம், பழிவாங்கல் மூன்றும் ஒரு பெட்டிக்குள்.

சொல்லிக்கொடுப்பதைச் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியாமல் செய்வதில் இன்றும் முதல் பாடம் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985) முதல் லெவல்தான். மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறார், வலப்பக்கம் வெறுமை. எனவே வலப்பக்கம் நடக்கிறோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு காளான் உருவம் எதிரே வருகிறது. குதிக்காவிட்டால் சாவு, ஆனால் இழந்தது சில விநாடிதான். மேலே கேள்விக்குறி போட்ட கட்டம் மின்னுகிறது. முட்டினால் இன்னொரு காளான் வெளியே வருகிறது, இது நல்லது. ஆனால் இப்போதுதான் ஒரு காளானைக் கண்டு பயந்திருக்கிறோம், விலகத்தானே பார்ப்போம்? அது வலப்பக்கம் நழுவிப் போய்க் குழாயில் மோதி நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. தலைக்கு மேல் கட்டங்கள் இருப்பதால் தாண்டுவதும் எளிதல்ல. தொட்டதும் மாரியோ வளர்கிறார். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. இன்று ஒரு கேம் பதினைந்து அறிவிப்புப் பலகைகளைத் திரையில் நீட்டும்போது இந்தக் குழாய்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

சிவப்புப் பீப்பாயும் இதே குடும்பம். டூம் (1993) கேமில் வெடித்த பீப்பாய்கள் சிவப்பே அல்ல. சாம்பல் நிறம், உள்ளே பச்சைக் கழிவு. வெடிப்பது சிவப்பு என்ற இலக்கணம் பிறகு உறுதிப்பட்டது. ஏறக்கூடிய இடத்துக்கு மஞ்சள் சாயம் என்பது இதன் இன்னொரு கிளை. காட்சிகள் நிஜம்போல நுணுக்கமாக ஆக ஆக, எது தொடக்கூடியது, எது வெறும் அலங்காரம் என்று கண்ணுக்குப் புரியாமல் போகிறது. அதனால் யாரோ பாழடைந்த கிராமத்தில் ஏணிக்கெல்லாம் சாயம் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். ரெசிடென்ட் ஈவில் 4 மறு உருவாக்கம் (2023) வந்தபோது இதை வைத்துப் பெரிய சண்டை நடந்தது. எரிச்சலாக இருக்கிறது என்பவர்களோடு நான் உடன்படுகிறேன்; ஆனால் சாயம் இல்லாமல் அரை மணி நேரம் சுவரைத் தடவியிருந்தால் இதைவிட அதிகம் எரிச்சல் பட்டிருப்பேன்.

நாயகன் இன்னும் எவ்வளவு அடி தாங்குவான் என்று காட்டும் உயிர்ப் புள்ளிகள் 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் சொத்து; லெவல், அனுபவப் புள்ளி எல்லாமே அங்கிருந்து வந்தவைதான். பிறகு ஹேலோ (2001) தானாக நிரம்பும் கவசத்தையும், கால் ஆஃப் டியூட்டி 2 (2005) தானாக ஆறும் உடம்பையும் பரப்பின. சுவருக்குப் பின்னால் ஒளிந்து மூச்சு வாங்கினால் குண்டுக்காயம் ஆறிவிடும். அபத்தம்தான். ஆனால் வடிவமைப்பாளருக்கு அது வரம். ஒவ்வொரு சண்டைக்கும் ஆடுபவர் முழு உயிரோடு வருகிறார் என்று நம்பிக் கணக்குப் போடலாம்.

இங்கே உங்களுக்குத் தெரியாமல் நடக்கும் ஓர் ஏமாற்றையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் பல கேம் உருவாக்குநர்கள் தாங்கள் மறைத்து வைத்திருந்த தந்திரங்களைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார்கள். சில கேம்களில் உயிர்க்கோட்டின் கடைசித் துளி, பார்க்கத் தெரிவதைவிட அதிக அடி தாங்கும். மயிரிழையில் தப்பினோம் என்ற பெருமிதத்தை நமக்குத் தருவதற்காக. பயோஷாக்கில் எதிரியின் முதல் குண்டு வேண்டுமென்றே குறி தவறும். குதித்து ஆடும் கேம்களில் மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் கண் இமைக்கும் நேரத்துக்குக் குதிக்க அனுமதி உண்டு. அந்தரத்தில் ஓடி, கீழே பார்த்த பிறகே விழும் கார்ட்டூன் விலங்கின் பெயரால் இதைக் கொயோட்டி நேரம் என்பார்கள். செலஸ்ட் (2018) ஆடிவிட்டு உங்கள் கைத்திறனைப் பாராட்டிக்கொண்டிருந்தால், பாராட்டில் ஒரு பங்கு அதற்குச் சேர வேண்டும்.

கடத்தப்பட்ட இளவரசி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். டாங்கி காங் (1981) காலத்தில் கதை சொல்லத் திரையில் இடமே இல்லை. குரங்கு பெண்ணைத் தூக்கிப் போகிறது என்றால் ஒரே பார்வையில் இலக்கு புரிந்துவிடும். அந்தச் சௌகரியத்துக்காக முப்பது வருடம் பெண்களைப் பரிசுக் கோப்பையாக மேலே நிறுத்தியது சோம்பல். பிரெய்ட் (2008) இதற்கு நல்ல அடி கொடுத்தது. கடைசி லெவலில் இளவரசி மேலே ஓட, நாயகன் கீழே ஓட, இருவரும் ஒருவருக்கொருவர் தடைகளை விலக்கி உதவுவதாகத் தெரிகிறது. பிறகு காலத்தைத் திருப்பி ஓட்டும்போது உண்மை வெளிப்படுகிறது: அவள் அவனிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருந்தாள், நாம் பார்த்தது தலைகீழ் ஓட்டம். காலத்தைத் திருப்புவது கேம் முழுக்க நாம் பயன்படுத்திய வித்தை. அதே வித்தைதான் கதையையும் கவிழ்க்கிறது.

சாவு இன்னொரு சுவாரசியமான இடம். காசு போட்டு ஆடிய இயந்திரங்களில் மூன்று உயிர் என்பது வியாபாரக் கணக்கு. ரோக் (1980) செத்தால் எல்லாம் போச்சு என்றது. டார்க் சோல்ஸ் (2011) செத்த இடத்திலேயே நம் சேமிப்பைக் கிடத்தி, எடுத்துக்கொள்ள ஒரே ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது. ஹேடீஸ் (2020) ரோக் வழியில் வந்தது; ஆனால் செத்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பாதாளத்து மாளிகையில் ஆட்கள் புதிதாக ஏதோ பேசக் காத்திருக்கிறார்கள். கதை நகர வேண்டுமானால் சாக வேண்டும்! அண்டர்டேல் (2015) போன வழி வேறு. ஒருத்தியைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு, அதாவது பழைய சேவுக்கு, திரும்பிப் போய் அவளைக் காப்பாற்றினாலும், நீ முதலில் என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என ஒரு பூ இளிக்கிறது. சேவ் கோப்பு நம் அந்தரங்கம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது உண்மையான அதிர்ச்சி.

உலகம் ஏன் காத்திருக்கிறது என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: காத்திருக்காவிட்டால் நீங்கள் கோபப்படுவீர்கள். தி விட்சர் 3 (2015) கேமில் ஜெரால்ட் மகளாக வளர்த்த சிரியை வேட்டையாடும் கூட்டம் துரத்துகிறது. ஜெரால்ட் ஊர் ஊராக உட்கார்ந்து க்வென்ட் சீட்டாடுகிறான். நானும் அப்படித்தான் ஆடினேன், வெட்கமில்லாமல். ஃபால்அவுட் (1997) 150 நாளுக்குள் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கான சில்லைக் கொண்டுவா என்று கெடு வைத்தது. கெடு வைத்தால் ஆடுபவர் மூலை முடுக்குகளைப் பார்க்காமல் ஓடுகிறார். பல மாத உழைப்பில் கட்டிய ஊர்களை அவர் பார்க்கவேயில்லை என்றால் கட்டியவர்களுக்கு வயிறு எரியாதா? இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தது செல்டா வரிசையின் மஜோராஸ் மாஸ்க் (2000). மூன்று நாளில் நிலா வந்து மோதும். ஆனால் காலத்தை முதல் நாளுக்குத் திருப்பலாம். ஊராரின் மூன்று நாள் வாழ்க்கை மணிக்கணக்காக நமக்கு மனப்பாடமாகும். அவசரமும் கெடவில்லை, சுற்றிப் பார்ப்பதும் கெடவில்லை.

விதி ஒன்று சொல்ல, கதை வேறொன்று சொல்லும் இந்தப் பிணக்குக்கு 2007இல் கிளின்ட் ஹாக்கிங் என்ற வடிவமைப்பாளர் பயோஷாக்கை விமர்சித்தபோது ஒரு பெயர் வைத்தார்: லூடோநேரட்டிவ் டிஸ்ஸொனன்ஸ். ஆட்டத்துக்கும் கதைக்கும் சுருதி சேராமை என்று வைத்துக்கொள்ளலாம். சிறுமிகளைக் காப்பாற்றுவதா, அவர்களிடமிருந்து சக்தியை உறிஞ்சுவதா என்று ஆட்டம் நம்மிடம் விட்டுவிடுகிறது; சுயநலமாக இருக்கலாம் என்கிறது. கதையோ, அட்லஸ் என்பவருக்கு உதவியே ஆக வேண்டும் என்கிறது; அங்கே தேர்வு கிடையாது. பின்னாளில் இந்தச் சொல்லை எல்லாரும் எதற்கெடுத்தாலும் வீச ஆரம்பித்தார்கள். நகைச்சுவையாகப் பேசிக்கொண்டே நூற்றுக்கணக்கானோரைக் கொல்லும் நாயகனைக் கொண்ட அன்சார்ட்டட் வரிசை அடிக்கடி மாட்டியது. அன்சார்ட்டட் 4 (2016) ஆயிரம் எதிரிகளைக் கொன்றால் ஹாக்கிங்கின் அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட ஒரு கோப்பையைக் கொடுத்துக் கண்ணடித்தது.

பயோஷாக் மீதான அந்த விமர்சனம் சரியானதே. ஆனாலும் அந்தக் கேம் வேறொரு பழைய வழக்கத்தை எப்படிப் பிடித்தது என்று பாருங்கள். வானொலியில் ஒரு குரல் அங்கே போ, இதை எடு என்று சொல்லிக்கொண்டே இருப்பது எத்தனையோ கேம்களில் உண்டு. நாமும் மறுபேச்சில்லாமல் செய்வோம். இங்கே அட்லஸ் கட்டளைகளோடு ஒரு மரியாதைச் சொற்றொடரைச் சேர்த்துச் சொல்கிறார், 'தயவுகூர்ந்து' என்பதுபோல. பிற்பாதியில் தெரிகிறது, அந்தச் சொற்றொடரைக் கேட்டால் கீழ்ப்படியும்படி நாயகன் சிறு வயதிலேயே பழக்கப்பட்டவன். நமக்கோ அப்படி எந்தப் பழக்கமும் ஏற்றப்படவில்லை. ஆனாலும் நாமும் கீழ்ப்படிந்துதான் வந்திருக்கிறோம். அந்த ஒரு நிமிடம் அபாரம். அடுத்த நிமிடமே வேறொரு குரல் கட்டளையிடுகிறது, நாம் மறுபடியும் செய்யத் தொடங்குகிறோம். அங்கேதான் எனக்குச் சப்பென்று போனது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஆடுபவரின் தேர்வுக்கே விட்டால் என்ன என்பீர்கள். கணக்கு ஒத்துவராது. இரண்டு வழியாகப் பிரியும் தேர்வு பத்து வைத்தால் 1024 முடிவுகள் எழுத வேண்டும். அதனால் கிளைகள் பிரிந்து சிறிது தூரம் போய் மறுபடி ஒன்றாகிவிடும். தி வாக்கிங் டெட் (2012) கேமில் க்ளெமென்டைன் இதை நினைவில் வைத்திருப்பாள் என்று மூலையில் ஒரு வரி தோன்றும். கதை பெரும்பாலும் மாறாது. மாறுவது அந்தச் சிறுமியைப் பார்க்கும்போது நமக்கு வரும் கூச்சம். அதுவே போதும் என்பது என் கருத்து. மூன்று பாகமாகத் தேர்வுகளைச் சேர்த்துக்கொண்டு வந்த மாஸ் எஃபெக்ட், மூன்றாம் பாகத்தின் (2012) முடிவில் எல்லாவற்றையும் சில வண்ணங்களுக்குள் சுருக்கியபோது ஆடியவர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு விரிவாக்கிய முடிவை இலவசமாக வெளியிட வேண்டியதாயிற்று.

சுருதி சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே ஒரு கேமைக் காட்டச் சொன்னால் பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ் (2013) என்பேன். மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். நோயாளித் தந்தைக்கு மருந்து தேடிப் போகும் இரண்டு சகோதரர்கள். கன்ட்ரோலரின் இடது குச்சியும் இடது விசையும் அண்ணனுக்கு, வலது குச்சியும் வலது விசையும் தம்பிக்கு. இருவரையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். முதல் அரை மணி நேரம் மூளை குழம்பும், பிறகு கை பழகிவிடும். அவர்கள் பேசுவது யாருக்கும் புரியாத புனைமொழி. தாய் நீரில் மூழ்கி இறந்ததைப் பார்த்த தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், நீந்தமாட்டான். ஆறு வந்தால் அண்ணன் முதுகில் தொற்றிக்கொள்வான். நாம் வலது விசையை அழுத்திப் பிடித்திருப்போம்.

அண்ணன் இறந்துவிடுகிறான். தம்பி தனியாக மருந்தோடு திரும்புகிறான். இடது கைக்கு இப்போது வேலையில்லை; கன்ட்ரோலரின் பாதி செத்துக் கிடக்கிறது. வீட்டுக்கு முன்னால் வெள்ளம். தம்பி கரையில் நின்றுவிடுகிறான். வலது குச்சியைத் தள்ளிப் பார்க்கிறோம், நடுங்கிப் பின்வாங்குகிறான். வலது விசை, பயனில்லை. எதையெதையோ அழுத்திவிட்டுக் கடைசியில், தயங்கித் தயங்கி, அவ்வளவு நேரம் தொடாமல் விட்டிருந்த இடது விசையை அழுத்துகிறோம். அண்ணனுடைய விசை. தம்பி நீரில் இறங்கி நீந்துகிறான். கரையேறிய பிறகு, அவனால் முன்பு அசைக்கவே முடியாதிருந்த ஒரு நெம்புகோல் வழியில் நிற்கிறது. இந்த முறை நமக்கு யோசிக்கத் தேவைப்படுவதில்லை. இடது விரல் தானாகவே அழுத்துகிறது.